ஏழாம் படியிலிருந்து இறங்கும் உலோகம்

இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் அணுமருத்துவச் சோதனையில், நோயாளியின் கைச் சிரை வழியாக ஒரு மருந்து செலுத்தப்படுகிறது. அதன் அளவு 740 மெகாபெக்கரல் என்று கொண்டால், அதிலுள்ள டெக்னீசியம்-99எம் அணுக்களின் மொத்த எடை சுமார் 4 நானோகிராம். ஒரு கிராமை 25 கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமான உலோகத்தில் ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் ஆறு கரிம மூலக்கூறுகள் எட்டு முகங்கள் கொண்ட ஒழுங்கான வடிவில் பிணைந்து நின்றால்தான் மருந்து இதயத்தில் தங்கும். அதுவும் அரை மணி நேரத்துக்குள், மருத்துவமனையின் ஒரு சிறு அறையில், குடுவைக்குள் நடந்து முடிய வேண்டும்.

அதே தனிமம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றை ஒட்டிய ஹான்ஃபோர்டில் டன் கணக்கில் உண்டானது. அணுகுண்டுகளுக்குப் புளுட்டோனியம் தயாரித்த அந்த வளாகத்தின் உலைகளில் ஏறத்தாழ 1,500 கிலோ டெக்னீசியம்-99 பிறந்தது. அதன் பெரும்பகுதி 177 நிலத்தடித் தொட்டிகளில் காரக் கழிவோடு கலந்து இன்னும் கிடக்கிறது. மருத்துவமனைக் குடுவையில் ஒரு வேதியியலாளர் எதைச் செய்ய முனைகிறாரோ, கழிவுத் தொட்டியின் எதிரில் நிற்பவரும் ஏறத்தாழ அதையேதான் செய்ய முனைகிறார். இருவரும் இந்த உலோகத்தை அதன் ஏழாம் ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து கீழே இறக்கி, இறங்கிய இடத்திலேயே நிறுத்தி வைக்கப் பாடுபடுகிறார்கள்.

டெக்னீசியத்தின் அணு எண் 43. தனிம அட்டவணையில் மாங்கனீசுக்கு நேர் கீழே, மாலிப்டினத்துக்கும் ருத்தேனியத்துக்கும் நடுவில் அதன் இடம். முன்னும் பின்னும் நிலையான தனிமங்கள் இருக்க, இது மட்டும் ஏன் கதிரியக்கம் கொண்டது? 1934இல் யோசஃப் மாட்டாக் வகுத்த விதி இதற்கு விடை தருகிறது. ஒரே நிறை எண் கொண்ட, அடுத்தடுத்த அணு எண்ணுள்ள இரண்டு அணுக்கருக்கள் இரண்டுமே நிலையாக இருப்பதில்லை. டெக்னீசியத்துக்குப் பொருந்தக்கூடிய நிறை எண்களை எல்லாம் மாலிப்டினமும் ருத்தேனியமும் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. 97 மாலிப்டினத்தினுடையது, 99 ருத்தேனியத்தினுடையது, 98 இரண்டுக்கும் பொது. எஞ்சியது ஒன்றுமில்லை. மிக நீண்ட காலம் இருக்கும் டெக்னீசியம் ஐசோடோப்புகளின் அரைவாழ்வுகூடச் சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். பூமியின் வயதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. பூமி உருவானபோது இருந்த டெக்னீசியம் முழுவதும் எப்போதோ சிதைந்துவிட்டது. யுரேனியத் தாதுவில் தானாக நிகழும் பிளவினால் மிகச் சிறிதளவு இன்றும் உருவாகிறது. ஆனால், 1952இல் பால் மெரில் சில சிவப்பு விண்மீன்களின் நிறமாலையில் இதன் கோடுகளைக் கண்டார். அங்கே இப்போதும் இது புதிதாக உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்றாயிற்று.

மனிதர் கைக்கு இது முதலில் வந்தது ஒரு தபால் உறையில். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எர்னெஸ்ட் லாரன்சின் சைக்ளோட்ரான் கருவியில் நெடுநாள் தாக்குண்ட ஒரு மாலிப்டினத் தகடு, 1937இல் சிசிலியின் பலெர்மோ நகரில் இருந்த எமிலியோ செக்ரேக்கு வந்து சேர்ந்தது. அவரும் கனிமவியலாளர் கார்லோ பெரியரும் தகட்டைக் கரைத்து, அதன் கதிரியக்கம் எந்தத் தனிமத்தின் பின்னால் போகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கையில் இருந்த புதிய தனிமத்தின் அளவு கண்ணுக்கோ தராசுக்கோ எட்டாதது. கதிர்வீச்சை எண்ணும் கருவி மட்டுமே அதன் இருப்பைச் சொன்னது. கலவையில் மாங்கனீசு சேர்த்து வீழ்படிவாக்கினார்கள், ரீனியம் சேர்த்து வீழ்படிவாக்கினார்கள். கதிரியக்கம் ரீனியத்தோடு போனது. மேலே இருக்கும் மாங்கனீசைவிடக் கீழே இருக்கும் ரீனியத்தையே இந்த உலோகம் ஒத்திருக்கிறது என்ற முடிவு, டெக்னீசிய வேதியியலின் முதல் உண்மை. இன்றுவரை அது அசையவில்லை.

மாங்கனீசிலிருந்து இது எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நினைத்துக்கொண்டால் போதும். அதில் மாங்கனீசு ஏழு எலக்ட்ரான்களையும் விட்டுக்கொடுத்து +7 நிலையில் நிற்கிறது. அடர்ந்த ஊதா நிறம். கண்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றும் வேகம். டெக்னீசியமும் அதே +7 நிலையில் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு நான்முகி வடிவ அயனியாகிறது. அதன் பெயர் பெர்டெக்னேட். வடிவம் ஒன்றே, மின்சுமை ஒன்றே, குணம் வேறு. பெர்டெக்னேட் கரைசலுக்கு நிறமில்லை, வேகமும் இல்லை. பெர்மாங்கனேட் ஒடுங்கி மாங்கனீசு டையாக்சைடு ஆகும்போது மின்னழுத்தம் 1.7 வோல்ட். பெர்டெக்னேட் டெக்னீசியம் டையாக்சைடு ஆகும்போது சுமார் 0.75 வோல்ட். ரீனியத்துக்கு அது சுமார் 0.5 வோல்ட். மாங்கனீசின் 3டி ஆர்பிட்டால்கள் சுருங்கி அணுக்கருவை ஒட்டியிருப்பதால், ஏழு எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து நிற்பது அதற்குப் பெரும் சிரமம். டெக்னீசியத்தின் 4டி ஆர்பிட்டால்கள் வெளியே விரிந்து, ஆக்சிஜனோடு வலுவாக இணைகின்றன. ஆகவே +7 அதற்கு இயல்பான இருப்பிடம்.

ஆக்சைடுகளில் இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. மாங்கனீசு ஹெப்டாக்சைடு பச்சை கலந்த எண்ணெய் போன்ற திரவம். லேசாகச் சூடேறினால் வெடிக்கும். டெக்னீசியம் உலோகத்தை ஆக்சிஜனில் எரித்தால் கிடைக்கும் ஹெப்டாக்சைடு மஞ்சள் படிகம். சுமார் 120 டிகிரி செல்சியசில் உருகி, 311 டிகிரியில் கொதிக்கும். அமைதியாகக் காய்ச்சி வடிக்கலாம். இரண்டு நான்முகிகள் ஓர் ஆக்சிஜனைப் பங்கிட்டுக்கொண்ட தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது இது. அந்தப் பாலம் வளையாமல் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறது. ரீனியத்தின் ஹெப்டாக்சைடோ முடிவில்லாமல் தொடரும் வலைப்பின்னல். டெக்னீசியம் ஹெப்டாக்சைடின் எளிதில் ஆவியாகும் குணம் பின்னால் ஹான்ஃபோர்டில் பெரிய தொல்லையாக வந்து நிற்கும்.

கதிரியக்கத் தனிமத்தின் வேதியியல் வேறு வகையானதோ என்று வாசகருக்குத் தோன்றலாம். அப்படியில்லை. பிணைப்பு எலக்ட்ரான்களின் வேலை, சிதைவு அணுக்கருவின் வேலை. டெக்னீசியத்தின் அணுக்கரு நாளை சிதையப்போவது அதன் எலக்ட்ரான்களுக்குத் தெரியாது. இன்றைக்கு அவை சாதாரண இடைநிலை உலோகத்தின் எலக்ட்ரான்களாகவே நடந்துகொள்கின்றன. ஃபுளோரினோடு சேர்ந்து 37 டிகிரியில் உருகும் மஞ்சள் நிற ஹெக்சாஃபுளோரைடு, சங்கிலியாகக் கோத்த சிவப்பு டெட்ராகுளோரைடு, இரண்டு உலோக அணுக்கள் ஒன்றையொன்று நேரடியாகப் பற்றிக்கொள்ளும் குளோரைடு அயனி, கார்பன் மோனாக்சைடு சூழ்ந்த கார்பனைல் என்று −1 முதல் +7 வரை எல்லாப் படிகளிலும் இதற்குச் சேர்மங்கள் உண்டு. ஆனாலும் கதிரியக்கம் ஆராய்ச்சியாளரின் கையைக் கட்டிப்போடுகிறது. இரும்புக்கும் செம்புக்கும் நூறாண்டுக்கு முன்பே எழுதி முடித்த பக்கங்கள் இங்கே வெற்றிடமாக இருந்தன. டெக்னீசியத்தின் டைகுளோரைடு, டிரைகுளோரைடு போன்ற எளிய சேர்மங்கள்கூட 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் லாஸ் வேகாசிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகத் தயாரிக்கப்பட்டு ஆராயப்பட்டன.

பிணைப்பும் சிதைவும் ஒன்றையொன்று தொடவே தொடாதவை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த உலோகமே அதற்கு அழகான விதிவிலக்கைத் தருகிறது. டெக்னீசியம்-99எம் கிளர்ந்த அணுக்கரு. அது தன் உபரி ஆற்றலை விடும் முதல் படி சுமார் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அந்தச் சிற்றாற்றலை அது பெரும்பாலும் தன்னுடைய வெளி எலக்ட்ரான் ஒன்றுக்குக் கைமாற்றிவிடுகிறது. வெளி எலக்ட்ரான்கள்தானே பிணைப்பில் ஈடுபட்டிருப்பவை? 1951இல் பெயின்பிரிட்ஜ், கோல்ட்ஹேபர், வில்சன் ஆகிய மூவரும் பொட்டாசியம் பெர்டெக்னேட்டிலும் டெக்னீசியம் சல்பைடிலும் இதன் சிதைவு வேகத்தை ஒப்பிட்டு அளந்தார்கள். பெர்டெக்னேட்டில் 0.27 விழுக்காடு வேகம் அதிகம். ஆறு மணி நேர அரைவாழ்வில் ஏறத்தாழ ஒரு நிமிட வித்தியாசம். மருத்துவத்தில் இதற்குப் பயனில்லை. ஆனால், ஆக்சிஜனைப் பிடிப்பதா கந்தகத்தைப் பிடிப்பதா என்பதை அணுக்கருவும் உணர்கிறது என்று காட்டிய அளவீடு என்பதால், வேதியியலில் அக்கறை உள்ள யாரும் இதைக் கடந்துபோக முடியாது.

டெக்னீசியத்தின் இரண்டு வடிவங்களும் ஆராய்ச்சியில் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. 99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை வெளியிட்டு, உடலுக்குள் தான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால், கிடைப்பது நானோகிராம் அளவு என்பதால் அதன் சேர்மத்தைப் படிகமாக்கிப் பார்க்க வழியில்லை. 99எம் சிதைந்து உருவாகும் டெக்னீசியம்-99க்கு அரைவாழ்வு 2,11,000 ஆண்டுகள். மெதுவாகச் சிதைவதால் மில்லிகிராம் கணக்கில் கையாளலாம். அதன் வலுக்குறைந்த பீட்டாக் கதிரைக் கண்ணாடிக் குடுவையின் சுவரே தடுத்துவிடும். மூச்சிலும் வாயிலும் போகாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். எனவே, இந்த நீண்டகால ஐசோடோப்பில் சேர்மத்தைச் செய்து, எக்ஸ்-கதிர் கொண்டு அதன் வடிவத்தை அறிந்து, பிறகு 99எம் கொண்டு அதே சேர்மத்தைக் குடுவையில் உண்டாக்குவதே இத்துறையின் வழக்கம்.

மருத்துவமனைக்கு 99எம் எப்படி வருகிறது என்பதிலும் வேதியியல்தான் முன்னால் நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் 1950களின் இறுதியில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் அயோடின்-132 தரும் ஜெனரேட்டர் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஏதோ ஒரு கலப்படம் தொடர்ந்து தலைகாட்டியது. ஆராய்ந்தபோது அது மாலிப்டினம்-99 ஈன்ற டெக்னீசியம்-99எம் என்று தெரிந்தது. அந்தக் கலப்படமே பின்னால் உலக அணுமருத்துவத்தின் முதன்மைப் பொருளாயிற்று. 66 மணி நேர அரைவாழ்வு கொண்ட மாலிப்டினம்-99ஐ மாலிப்டேட் அயனியாக அலுமினா நிரப்பிய சிறு குழாயில் ஏற்றுகிறார்கள். இதுதான் ஜெனரேட்டர். மாலிப்டேட்டுக்கு இரண்டு எதிர்மின் சுமை. அலுமினாவை இறுகப் பற்றிக்கொள்ளும். அது சிதைந்து உருவாகும் பெர்டெக்னேட்டுக்கு ஒரே ஒரு சுமை, அதுவும் நான்கு ஆக்சிஜன்களில் பரவிக் கிடக்கிறது. பிடிமானம் குறைவு. சலைன் நீரை ஊற்றினால் மாலிப்டினம் குழாயிலேயே இருக்க, டெக்னீசியம் மட்டும் வடிந்து வருகிறது.

எதிலும் ஒட்டாத இந்தக் குணம் மருந்தாக்கும்போது முட்டுக்கட்டையாகிறது. பெர்டெக்னேட்டை அப்படியே செலுத்தினால், அளவிலும் சுமையிலும் அயோடைடைப் போல இருப்பதால் தைராய்டு சுரப்பி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். தைராய்டு ஸ்கேனுக்கு அது போதும். எலும்புக்கோ இதயத்துக்கோ மூளைக்கோ போக வேண்டுமானால் உலோகத்தை +7இலிருந்து இறக்கி, அது பற்றிக்கொள்ளத் தக்க ஈனிகளை, அதாவது உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகளை அல்லது அயனிகளை, கொடுக்க வேண்டும். 1970இல் எக்கல்மனும் ரிச்சர்ட்சும் இதற்கு வெள்ளீயத்தின் ஸ்டேனஸ் உப்பைக் கொண்டுவந்தார்கள். ஸ்டேனஸ் அயனி எலக்ட்ரான்களைத் தருகிறது, டெக்னீசியம் இறங்குகிறது, காத்திருக்கும் ஈனி அணைத்துக்கொள்கிறது. மறு ஆண்டில் சிராகியூஸ் நகரில் ஜி. சுப்பிரமணியனும் ஜான் மெக்காஃபியும் இதே வழியில் பாஸ்பேட் சேர்மம் ஒன்றைச் செய்து எலும்பைப் படமெடுத்துக் காட்டினார்கள். இன்று எலும்பு ஸ்கேனுக்குப் போகிறவருக்குச் செலுத்தப்படும் டைபாஸ்பொனேட் மருந்து அந்த வழியில் வந்ததே. ஈனியும் ஸ்டேனஸ் உப்பும் உறைந்து உலர்ந்த தூளாக ஒரு குப்பியில் இருக்கும். ஜெனரேட்டரிலிருந்து வடித்த நீரை அதில் செலுத்திக் குலுக்கினால் மருந்து தயார்.

இந்த எளிமைக்குள் பல கண்ணிகள் உண்டு. குப்பிக்குள் காற்று புகுந்தால் ஸ்டேனஸ் வீணாகும். ஒடுங்காத பெர்டெக்னேட் தைராய்டிலும் இரைப்பையிலும் ஒளிரும். ஈனி போதாமல் போனால் இறங்கிய உலோகம் நீரோடு சேர்ந்து டையாக்சைடின் நுண்துகளாகித் திரளும்; அதைக் கல்லீரல் விழுங்கிவிடும். அனுபவமுள்ள மருத்துவர் படத்தைப் பார்த்தே குப்பியில் எந்த வினை பிசகியது என்று சொல்லிவிடுவார். இன்னொரு கண்ணி விடுமுறை நாள்களுக்குப் பிறகு காத்திருக்கிறது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வடித்தெடுக்கும் ஜெனரேட்டரில் வரும் டெக்னீசியம் அணுக்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு 99எம். மூன்று நாள் அப்படியே விட்டு வடித்தால் அது 8 விழுக்காட்டுக்கும் குறைகிறது. மீதியெல்லாம் பழைய 99. வேதியியலுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்டேனசையும் ஈனியையும் பயனற்ற 99 அணுக்களே பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிடும்.

எத்தனை படி இறக்குவது என்பதைத் தீர்மானிப்பது ஈனிதான். மூளைக்குப் போகும் எச்எம்பிஏஓ மருந்தில் டெக்னீசியம் +5இல் நின்று ஓர் ஆக்சிஜனை விடாமல் வைத்துக்கொள்கிறது. சுமையற்ற, கொழுப்பில் கரையும் அந்தச் சேர்மம் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடந்து உள்ளே போய், அங்கே நீரில் கரையும் வடிவாக மாறிச் சிக்கிக்கொள்கிறது. ஈனியின் இடவடிவம் சற்று மாறிய இரட்டைச் சேர்மம் உள்ளே போனாலும் தங்காமல் வெளியேறிவிடும். அணுக்கள் அவையே, அடுக்கு மட்டும் வேறு. பிணைப்பின் கோணம் மருத்துவப் பயனை இவ்வளவு கறாராகத் தீர்மானிக்கும் உதாரணங்கள் குறைவு.

எல்லாவற்றிலும் சிறந்த கைவேலை, தொடக்கத்தில் சொன்ன இதய மருந்துதான். எம்ஐடி நிறுவனத்தின் ஆலன் டேவிசனும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் அலன் ஜோன்சும் உருவாக்கிய செஸ்டாமிபி, அமெரிக்காவில் 1990இல் அனுமதி பெற்றது. இதில் டெக்னீசியம் +7இலிருந்து +1 வரை, ஆறு படிகள் இறங்குகிறது. அத்தனை எலக்ட்ரான்கள் வந்து குவிந்த உலோகம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், அவற்றில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் ஈனி வேண்டும். ஐசோநைட்ரைல்கள் அந்த வேலையைச் செய்கின்றன. உலோகத்துக்குத் தம் எலக்ட்ரான் இணையைக் கொடுத்துவிட்டு, உலோகத்தின் டி எலக்ட்ரான்களைத் தம் காலி ஆர்பிட்டால்களில் ஏந்திக்கொள்கின்றன. ஆறு டி எலக்ட்ரான்கள், ஆறு ஈனிகள். இத்தகைய எண்முகி அமைப்பு அசைக்க முடியாத உறுதி கொண்டது. ரத்தத்தில் உள்ள எந்தப் புரதமும் அதைக் கலைக்க முடிவதில்லை. மேலே ஒரு நேர்மின் சுமை, சுற்றிலும் கொழுப்பை நாடும் உறை. இதயத் தசைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள எதிர்மின் அழுத்தம் அதை உள்ளே ஈர்த்து வைத்துக்கொள்கிறது. முதலில் முயன்ற எளிய ஐசோநைட்ரைல் நுரையீரலிலும் கல்லீரலிலும் தேங்கிப் படத்தை மறைத்தது. ஈனியின் நுனியில் ஓர் ஈதர் தொகுதியைச் சேர்த்தபிறகே அந்த உறுப்புகள் அதை விரைவாக விட்டன. குப்பியில் ஈனி தனியாக இருப்பதில்லை, செம்போடு பிணைந்து இருக்கிறது. கொதிநீரில் பத்து நிமிடம் வைத்தால் செம்பை விட்டு டெக்னீசியத்துக்கு மாறிவிடுகிறது.

மருத்துவமனையைவிட்டு வெளியே வந்தால், இதே +7 அயனி நிலத்தடி நீரிலும் கடலிலும் ஓடுகிறது. யுரேனியம்-235 பிளவுகள் நூறில் ஏறத்தாழ ஆறு, டெக்னீசியம்-99இல் வந்து முடிகின்றன. மண்ணின் கனிமங்கள் பெரும்பாலும் எதிர்மின் சுமை கொண்டவை. பெர்டெக்னேட்டும் எதிர்மின் அயனி. அலுமினாக் குழாயில் நிற்காதது மண்ணிலும் நிற்பதில்லை. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் 1994இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, தேங்கியிருந்த கழிவிலிருந்து புளுட்டோனியம் போன்றவற்றை இரும்பு ஹைட்ராக்சைடோடு சேர்த்துப் படியவைத்தது. பெர்டெக்னேட் படியவில்லை. 1995இல் மட்டும் சுமார் 190 டெராபெக்கரல், எடையில் ஏறத்தாழ 300 கிலோ, ஐரிஷ் கடலில் கலந்தது. சிங்கி இறால்களிலும் கடற்பாசியிலும் அது சேர்ந்தது. நீரோட்டத்தில் நார்வே கரை வரை போனது. அயர்லாந்தும் நார்வேயும் கடுமையாக எதிர்த்தன. 2004இல்தான் தீர்வு நடைமுறைக்கு வந்தது. நான்கு பீனைல் வளையங்கள் சுமந்த பாஸ்போனியம் என்ற பெரிய நேர்மின் அயனியைச் சேர்த்ததும், பெரிய எதிர்மின் அயனியான பெர்டெக்னேட் அதோடு இணைந்து வீழ்படிவானது. இவ்வளவு தெரிந்த வேதியியல் பத்தாண்டு தாமதித்து வந்தது வருத்தத்துக்குரியது.

இயற்கையில் இதை இறக்கும் ஆற்றல் இரும்புக்கு இருக்கிறது. ஃபெரஸ் இரும்பும், மண்ணில் ஆக்சிஜன் இல்லாத இடங்களில் வாழும் ஜியோபாக்டர் போன்ற நுண்ணுயிர்களும் பெர்டெக்னேட்டை +4 நிலைக்கு ஒடுக்கிவிடும். அப்போது கிடைப்பது நீரில் கரையாத டையாக்சைடு. ஆனால், காற்று பட்டால் மெல்ல மறுபடி +7க்கு ஏறிவிடும். கோதைட் என்ற இரும்புக் கனிமம் உருவாகும்போதே அதன் படிகத்துக்குள் இரும்பின் இடத்தில் +4 டெக்னீசியத்தை அமர்த்திவிடும் முயற்சி இதனால்தான் முக்கியத்துவம் பெற்றது. சுற்றிலும் கனிமம் சூழ்ந்த அணுவை ஆக்சிஜன் எளிதில் எட்டாது.

ஹான்ஃபோர்டில் கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்குவதே திட்டம். உருக்கும் வெப்பம் ஆயிரம் டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் +7 டெக்னீசியம் கண்ணாடியில் தங்காமல் ஆவியாகி வாயுவோடு மேலே போய்விடுகிறது. முன்பே பிரித்தெடுக்கலாம் என்றால் பெர்டெக்னேட்டைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின்கள் உண்டு. ஆனால், கரிமச் சேர்மங்கள் நிறைந்த சில தொட்டிகளில் டெக்னீசியத்தின் ஒரு பகுதி பிசினில் சிக்காமல் நழுவியது. 2004இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் வேய்ன் லூக்கன்சும் உடன் பணியாற்றியவர்களும் அதன் அடையாளத்தைக் கண்டறிந்தார்கள். மூன்று கார்பன் மோனாக்சைடுகளைச் சுமந்த +1 டெக்னீசியம். ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் சுவிட்சர்லாந்தில் ரோஜர் ஆல்பர்ட்டோவும் குழுவினரும் இதே மூன்று கார்பனைல் கருவைச் சாதாரண அழுத்தத்தில், நீரிலேயே பெர்டெக்னேட்டிலிருந்து செய்யும் வழியைப் புதிய மருந்துகளுக்காக வெளியிட்டிருந்தார்கள். அவர்கள் போரோஹைட்ரைடு கொண்டு முனைந்து செய்ததைத் தொட்டியின் காரக் கழிவு தன் போக்கிலேயே செய்து வைத்திருந்தது. அதே ஆறு டி எலக்ட்ரான்கள், அதே எண்முகி உறுதி. மருந்தாக இருக்கும்போது எது இதைக் காப்பாற்றுகிறதோ, அதுவே இங்கே பிசினையும் வீழ்படிவாக்கியையும் தோற்கடிக்கிறது. இந்தப் பகுதியைப் பிசினில் பிடிக்க விரும்புகிறவர்கள் அதை முதலில் மீண்டும் +7க்கு ஏற்ற வேண்டியிருக்கிறது.